கொல்லிமலையில் பிராண்ட் குடும்பம்: மருத்துவமா, மதமா?

மார்ச் 2 – விவாதத்தைத் தொடங்கிய வாசகரின் கூற்று

மிஷனரிகளின் மருத்துவ சேவை, மதம் என்னும் தூண்டிலில் கோத்த புழு என்பதே என் கருத்து. கொல்லிமலையில் வாழ்ந்த ஆங்கிலேய மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பட்டம் பெற்ற மருத்துவர்கூட அல்லர். கொஞ்சம் பயிற்சியோடு வந்து, மருந்து கொடுத்து, மலைமக்களை மதம் மாற்றினார். மகன் பால் பிராண்ட் பின்னாளில் வேலூரில் தொழுநோய் அறுவை மருத்துவராகப் புகழ் பெற்றதால் தந்தையின் கதைக்கும் ஒளிவட்டம் கிடைத்துவிட்டது. மறுப்பவர்கள் எழுதலாம்.

மார்ச் 2, இரவு – ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் மறுமொழிகள்

அவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர் என்பது உண்மை. லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரி என்று ஒன்று இருந்தது. தொலைதூர நாடுகளுக்குப் போகும் மிஷனரிகளுக்கு வெப்பமண்டல நோய்களைப் பற்றியும் அவசர மருத்துவத்தைப் பற்றியும் ஓராண்டு கற்பிப்பார்கள். அந்தப் படிப்போடுதான் ஜெஸ்ஸி 1907இல் இந்தியாவுக்கு வந்தார். மதத்தைப் பரப்ப வந்தார் என்பதையும் அவர் மறைத்ததில்லை. இந்த இரண்டையும் மறுத்துக்கொண்டு அவரைக் காப்பாற்ற முயல்பவர்கள் உங்களுக்கு வேலையை எளிதாக்கிவிடுகிறார்கள்.

என் கேள்வி வேறு. அந்த வீட்டில் காலையில் எழுந்தவர்கள் இரவு படுக்கும்வரை என்ன செய்தார்கள்? நான் கிராம சுகாதாரச் செவிலியராக அதே மலையில் பணியாற்றியவள். மருத்துவர் இல்லாத இடத்தில் மருந்துப்பெட்டியோடும் பிள்ளைகளோடும் குடியிருப்பவர்களின் நாள் எப்படிப் போகும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். தூண்டில் என்று சொல்வதற்கு முன் அந்த நாளைப் பார்க்கலாம்.

மார்ச் 3

1913இல் ஜெஸ்ஸியும் ஈவ்லினும் சேந்தமங்கலத்தில் திருமணம் செய்துகொண்டு மலையேறினார்கள். ஈவ்லின் லண்டனின் வசதியான வணிகக் குடும்பத்துப் பெண்; ஓவியம் பயின்றவர். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் கடப்பதற்கே வாந்தி எடுக்கிறோம். அன்று சாலையே இல்லை. நடந்து ஏற வேண்டும். முடியாதவர்களை டோலியில் தூக்க வேண்டும். வாழவந்திநாட்டில் அவர்கள் குடியேறிய மரவீட்டுக்கான பலகைகள் ஆட்களின் தலைச்சுமையாகத்தான் மேலே போயின. வீடு தூண்களின்மேல் நின்றது. கரையான் ஏறாமலிருக்க ஒவ்வொரு தூணின் தலையிலும் வாணலியைப் போன்ற இரும்புத் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

இந்த விவரத்தை நான் சும்மா சொல்லவில்லை. நாங்கள் இருந்த குடியிருப்பில் இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் கதவு நிலையைக் கரையான் தின்றுவிட்டது. புதுக் கதவு கேட்டு நான் எழுதிய கடிதங்கள் எங்கே போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மார்ச் 3, மாலை

"அவர் செய்தது பல் பிடுங்குவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும்தானே, அதற்கு இத்தனை பெருமையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆம், பெரும்பாலும் அதுதான். பல் பிடுங்குவது, சீழ்க்கட்டியைக் கீறுவது, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா (குவினைன்) கொடுப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது. அடிவாரத்துக்கு இறங்கிப் போக ஒரு பகல் வேண்டிய ஊரில், கடைவாய்ப்பல் சீழ் பிடித்து மூன்று நாள் உறங்காதவரிடம் போய் இது சிறிய மருத்துவம் என்று சொல்லிப் பாருங்கள். நான் பணியில் இருந்தபோதும் என்னைத் தேடி வந்தவர்களில் மிகச் சிலரே பெரிய நோயாளிகள். கல் குத்திய கால், தேள் கடித்த கை, காதுக்குள் பூச்சி, பால் கட்டிய மார்பு என்றுதான் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். பதிவேட்டில் இவற்றுக்குத் தனிக் கட்டம்கூடக் கிடையாது.

மார்ச் 5

நரம்புச் சிலந்தியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இந்தக் குடும்பத்தின் கதையில் மருத்துவம் எங்கே முடிகிறது, ஊர்ப்பணி எங்கே தொடங்குகிறது என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது நீரில் வாழும் மிக நுண்ணிய தெள்ளுகளின் வழியாக உடலுக்குள் போகும் புழு. தெள்ளு கலந்த நீரைக் குடித்தவரின் உடலில் பெண்புழு ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, ஒரு மீட்டர் நீளம்வரைகூட நீண்டு, பெரும்பாலும் காலில் கொப்புளம் எழுப்பி வெளியே தலை நீட்டும். கொப்புளம் நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் அவர் காலைத் தண்ணீரில் வைப்பார். வைத்த மறுகணமே புழு தன் குஞ்சுகளை அந்த நீரில் கொட்டிவிடும். அவற்றைத் தெள்ளு தின்னும். அந்த நீரை ஊர் குடிக்கும். படியிறங்கி, முழங்கால் நீரில் நின்று குடம் மொள்ளும் கிணறு இருக்கும்வரை இந்தச் சுற்று அறுபடாது.

இதற்கு அன்றும் மருந்து இல்லை, இன்றும் இல்லை. தலை நீட்டிய புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்கு இரண்டு மூன்று விரற்கடை அளவு மட்டும் இழுத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்துபோகும். உள்ளே தங்கிய மிச்சத்தைச் சுற்றிக் கால் வீங்கிச் சீழ் வைக்கும். அந்தச் சீழைக் கீறி எடுப்பதும் ஜெஸ்ஸியின் வேலையாக இருந்தது. சிறுவன் பால் அதைப் பார்த்து அருவருத்து, எந்தத் தொழிலுக்குப் போனாலும் மருத்துவத்துக்கு மட்டும் போகக்கூடாது என்று நினைத்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஒவ்வோர் ஆண்டும் அதே கால்கள் அதே புண்களோடு வந்து நின்றன. ஜெஸ்ஸி கிணற்றின் பக்கம் திரும்பினார். படிகளை அடைத்து, கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி, கயிறு கட்டிய வாளியால் மட்டுமே நீர் இறைக்க வேண்டும். குடிக்கும் நீரைத் துணியில் வடிகட்ட வேண்டும். இவ்வளவுதான் தீர்வு. ஆனால் இதை ஊராரிடம் சொல்லிப் புரியவைப்பது புழுவை இழுப்பதைவிட நெடிய வேலை. தலைமுறை தலைமுறையாக இறங்கி நின்ற கிணற்றை அந்நியர் ஒருவர் வந்து மூடு என்றால் யார் மூடுவார்கள்? தடுப்பூசிக்கும் கழிப்பறைக்கும் நான் வாதாடியவள் என்பதால் அந்தத் திண்ணைப் பேச்சுகளை என்னால் ஊகிக்க முடிகிறது. கேட்பவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். மறுநாள் பழையபடியே நடக்கும்.

நான் பணிக்குப் போன காலத்தில் அந்த நோய் மலையில் இல்லை. முதிய பெண்கள் கணுக்காலுக்கு மேலே இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டி, "இதிலேதான் வந்தது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 6

"கொல்லிமலையில் நரம்புச் சிலந்தியை ஒழித்தவர் ஈவ்லின் பாட்டிதான்" என்று ஒருவர் பெருமையோடு எழுதியிருக்கிறார். அதைச் சற்றுத் திருத்த வேண்டும். கணவர் தொடங்கியதை அவர் முதுமையில் மீண்டும் ஊர் ஊராகச் சென்று வற்புறுத்தினார். மலையில் அந்த நோய் மறைந்ததை உயிரோடு இருந்து பார்த்தார். இது பெரிய செயல். ஆனால் கல்லைச் சுமந்தவர்களும் சுவரைக் கட்டியவர்களும் ஊர்க்காரர்கள். வாளியும் கயிறும் வாங்கியவர்களும் அவர்களே. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால், கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் பதிவானார்; உலக சுகாதார நிறுவனம் 2000இல் நாட்டுக்குச் சான்று வழங்கியது. அதற்குப் பின்னால் வீடு வீடாகப் போய்க் காலைப் பார்த்து எழுதிய ஆயிரக்கணக்கான ஊழியர்கள் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற ஊழியர்களை விட்டுவிடாதீர்கள் என்பதே என் கோரிக்கை.

மார்ச் 9

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பால் 1914 ஜூலையில் பிறந்தார். அடுத்துத் தங்கை கோனி. மலையில் அவர்களுக்கேற்ற பள்ளி இல்லாததால் தாயே கற்பித்தார். பையன் தரையில் உட்கார மறுத்து மரத்தில் ஏறிக்கொள்வான். அங்கேயே கணக்குப் போட்டுத் தாளைக் கீழே இறக்குவான், தாய் திருத்துவார். தந்தை ஓய்வு கிடைத்தபோது பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று, கரையான் புற்றைத் திறந்து உள்ளே நடப்பதைக் காட்டுவார்.

அவர்களுக்குக் கற்பித்தவர்களில் மலைக்காரர்களும் உண்டு. பால் பின்னாளில் எழுதிய ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. படிப்படியாக அமைந்த வயல்களில் பையன்கள் தவளை பிடித்துச் சேறு கலக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முதியவர் வந்து கையில் சேற்றை அள்ளிக் காட்டி, இந்த மண்தான் நமக்குச் சோறு போடுகிறது, நீங்கள் கலக்கிய நீர் கீழ்வயலுக்கு ஓடும்போது மண்ணும் ஓடிவிடும், ஓடிய மண் மறுபடி மேலே ஏறி வராது என்று சொல்கிறார். உலகெங்கும் மருத்துவ மாநாடுகளில் பேசிய ஒருவர் தம் முதுமையில் நினைவுகூர்ந்த பாடம் அது. மிஷனரி வந்து கற்பித்தார், மலையாளிகள் கற்றுக்கொண்டார்கள் என்று ஒரு திசையில் மட்டும் கதை சொல்கிறவர்கள், ஆதரிப்பவர்களானாலும் எதிர்ப்பவர்களானாலும், இந்த முதியவரை எங்கே வைப்பார்கள்?

(கேரளத்து மலையாளிகளைப் பற்றித்தானே பேசுகிறேன் என்று கேட்ட நண்பருக்கு: இல்லை. கொல்லிமலை, கல்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றில் வாழும் பழங்குடியினருக்கும் அதே பெயர்தான். அவர்கள் பேசுவது தமிழ்.)

மார்ச் 10

தொழுநோய் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில். பால் ஏழெட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது மூன்று தொழுநோயாளிகள் அந்த வீட்டுக்கு வந்தார்கள். தந்தை கையுறை அணிந்து அவர்களுடைய கால்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். தாய் ஒரு கூடையில் உணவு வைத்தார். அவர்கள் உணவை எடுத்துக்கொண்டு கூடையை விட்டுப் போனபோது, அதைத் தொடப்போன சிறுவனைத் தாய் பதறித் தடுத்தார், கூடையை எரித்துவிட்டார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பிள்ளைகள் பிறகு விளையாடவில்லை.

இரக்கமும் பயமும் அந்த வீட்டில் ஒன்றாக இருந்தன. இதை மறைக்காமல் சொன்னவர் மகன்தான். அவர் 1946இல் வேலூருக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பற்றியபோது, செயலற்றதாகக் கருதப்பட்ட அந்தக் கையில் வலுவான பிடி இருந்ததை உணர்ந்தார். செயலிழந்த தசையின் வேலையை நல்ல தசைநார் ஒன்றை மாற்றிப் பொருத்திச் செய்யவைக்கும் அறுவைச் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது.

மார்ச் 14

1923. பாலுக்கு ஒன்பது வயது. விடுப்பில் இங்கிலாந்து சென்ற பெற்றோர், இரு பிள்ளைகளையும் லண்டனில் ஈவ்லினின் சகோதரிகளிடம் படிப்புக்காக விட்டுவிட்டுக் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். ஜெஸ்ஸி மகனுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். மரங்கள், பறவைகள், பூச்சிகள் பற்றி. அதன்பின் அவர்கள் இருவரும் சந்திக்கவே இல்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் மலைமேலேயே இறந்தார். வயது 44. செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்துவிட்டது. கடிதங்களோ கப்பலில் வந்தன. எனவே தந்தை இறந்ததை அறிந்த பிறகும் அவர் எழுதிய கடிதங்கள் சில வாரங்களுக்கு மகனுக்கு வந்துகொண்டிருந்தன.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரார் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர்கள் தம் பிள்ளைகளைக் கடல் கடந்து விட்டுவந்தது என்ன நியாயம்?

மார்ச் 15

நேற்று எழுதியதை இரவெல்லாம் யோசித்தேன். நானும் என் மகனை ஆறாம் வகுப்பில் நாமக்கல்லில் விடுதியில் சேர்த்தவள்தான். மலையில் பள்ளி இருந்தது. ஆசிரியர் எப்போது வருவார் என்பது தெரியாது. மாதம் ஒருமுறை அவனைப் பார்க்கப் போனால் என் முகத்தைப் பாராமல் கையிலிருந்த தின்பண்டப் பையையே பார்ப்பான். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் எனக்கே அப்படி. அவர்களுக்கு இடையில் இருந்ததோ வாரக்கணக்கான கப்பல் பயணம்.

ஆனாலும் கோபம் முழுவதும் தணியவில்லை. நான் மகனை அனுப்பியது அவன் படிப்புக்காக. பிராண்ட் தம்பதியரும் அதற்காகத்தான் அனுப்பினார்கள். ஆனால் திரும்பி வந்தது தங்கள் அழைப்புக்காக, அதாவது கடவுள் இட்டதாக அவர்கள் நம்பிய பணிக்காக. பெற்றோரின் அழைப்புக்குப் பிள்ளைகள் கட்டணம் செலுத்தினார்கள் என்பதை யாராவது சொல்லத்தான் வேண்டும். பால் அதைக் குறையாகச் சொல்லவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை.

மார்ச் 15, சற்றுப் பின்

கருநீர்க் காய்ச்சல் என்றால் என்ன என்று கேட்டவருக்கு: கொடிய மலேரியாவின் பின்விளைவு. இரத்தச் சிவப்பணுக்கள் மொத்தமாக உடைந்து, சிறுநீர் கறுத்துப்போகும், சிறுநீரகம் செயலிழக்கும். கொய்னாவை ஒழுங்காக அன்றி இடையிடையே மட்டும் உட்கொண்டவர்களிடம் அது அதிகம் காணப்பட்டது. கொல்லி என்ற பெயருக்கே கொல்லும் மலை என்று பலர் விளக்கம் சொன்னதற்கு அங்கிருந்த காய்ச்சலும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மார்ச் 22

விவாதத்தைத் தொடங்கிய நண்பர் பொறுமையிழந்து, "மதம் மாற்றினாரா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்" என்கிறார். ஒரே வரியில் முடியாது, மன்னிக்கவும்.

தொடக்க ஆண்டுகளில் அவர் பக்கம் யாரும் வரவில்லை. மருந்துக்கு வந்தார்கள், பல் பிடுங்கிக்கொண்டார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊர்ப் பூசாரிக்கு இருந்த செல்வாக்கை மீறி ஒருவரும் அசையவில்லை. பிறகு 1918–19இல் உலகைச் சூறையாடிய விஷக்காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா) மலைக்கும் ஏறியது. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் கஞ்சி காய்ச்சி வீடு வீடாக எடுத்துச் சென்று ஊட்டினார்கள். அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தார்கள். தொற்றுக்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கியிருந்தபோது, சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி ஜெஸ்ஸியை அழைத்துத் தம் பிள்ளைகளை ஒப்படைத்தார். கைக்குழந்தையாக இருந்த பெண்ணுக்கு ரூத் என்று பெயரிட்டு அவர்கள் வளர்த்தார்கள். மலையில் கிறிஸ்தவம் காலூன்றியது அதன் பின்புதான்.

இப்போது உங்கள் தூண்டிலுக்கு வருவோம். மருந்துக்கு விலையாக மதம் கேட்டிருந்தால், ஒருவரும் மாறாத அந்த ஆண்டுகளில் மருந்துப்பெட்டி மூடப்பட்டிருக்க வேண்டும். அது மூடப்படவில்லை. தங்கள் வழிபாட்டைக் கடைசிவரை விடாதவர்களின் காலிலிருந்தும் அதே குச்சியில்தான் புழு சுற்றப்பட்டது. தச்சு, ஓட்டுச்சூளை, பட்டுப்புழு வளர்ப்பு, ஆரஞ்சுத் தோட்டம் என்று அவர் கற்பித்த தொழில்களும் இருந்தன. மகன் பால் மருத்துவத்துக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் கட்டடத் தொழில் கற்றதற்கும், வேலூரில் கை சீரான தொழுநோயாளிகளுக்குத் தச்சுப் பட்டறை அமைத்ததற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

மார்ச் 24

ஈவ்லின் பற்றி நான் குறைவாக எழுதுகிறேன் என்று ஒரு சகோதரி கடிந்துகொண்டார். ஏற்கிறேன். கணவர் இறந்தபின் இங்கிலாந்து சென்று திரும்பிய அவரை மிஷன் பெரும்பாலும் சமவெளிப் பணிகளிலேயே வைத்திருந்தது. 1947இல் அவருக்கு 68 வயது. இனி பணி நீட்டிப்பு இல்லை என்றார்கள். மன்றாடி ஓராண்டு பெற்றார். அது முடிந்ததும், ஓய்வு பெற்றுவிட்டேன், இனி உங்கள் உத்தரவு என்னைக் கட்டாது என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டார். கொல்லிமலையோடு நில்லாமல் கல்வராயன் மலை, பச்சைமலை என்று சுற்றினார். மட்டக்குதிரையில் போவார், விழுந்து எலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடப்பார். மகன் கெஞ்சியும் இறங்கி வரவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். 58 வயதில் ஓய்வு பெற்று, முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாதிருக்கும் நான் இதை எழுதுவதை வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஏப்ரல் 4

தொடங்கிய நண்பர் இன்னும் உடன்படவில்லை. உடன்பட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அவர் தவறான இடத்தில் நின்று வாதாடுகிறார். மருந்தைப் பிடித்துக்கொண்டதால்தான் அவர் வாதம் நழுவுகிறது. அவர் பிடிக்க வேண்டியது, ரூத்தைப் போன்ற பிள்ளைகளை பிராண்ட் தம்பதியர் வளர்த்த குழந்தைகள் இல்லத்தை. பல் பிடுங்கிக்கொண்ட பெரியவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடிந்தது. ஒன்பது மாதக் கைக்குழந்தையாக அந்த வீட்டுக்கு வந்த ரூத்துக்கு அப்படி ஒரு வாய்ப்பு இல்லை. தந்தை மனமொப்பித்தான் கொடுத்தார். கொடுக்காவிட்டால் பிழைத்திருப்பாளா என்பதும் சந்தேகமே. ஆயினும் அவள் எந்தச் சாமியைக் கும்பிடுவாள் என்பதை அவளுக்காக வேறொருவர் முடிவு செய்தார். இதற்கு என்னிடம் ஆயத்தமான பதில் இல்லை. இந்தக் கேள்வியோடு வந்திருந்தீர்களானால் மார்ச் 2ஆம் தேதியே பாதி வழி உங்களோடு நடந்திருப்பேன்.